பறவைக் காய்ச்சல்: தடுப்பூசியில் முன்னோடியான பிரிட்டன் தயங்குவது ஏன்?

புற்றுநோயைத் தடுப்பூசி கொண்டு தடுக்க முடியும் என்பது உலகில் முதன்முதலாக நடைமுறையில் நிரூபிக்கப்பட்டது மனிதர்களிடம் அல்ல, கோழிகளிடம். அது நடந்த நாடு பிரிட்டன். அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் லண்டனில் கால்நடை மருத்துவம் பயின்ற பீட்டர் பிக்ஸ்.

அதே பிரிட்டனில் 2021ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் முதல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் அலை அலையாகப் பரவி, லட்சக்கணக்கான கோழிகளும் வான்கோழிகளும் வாத்துகளும் கொன்று அழிக்கப்பட்டுள்ளன. ஆனால் பண்ணைப் பறவைகளுக்கு இந்த நோய்க்கு எதிரான தடுப்பூசி போடுவதை 2025ஆம் ஆண்டிலும் பிரிட்டிஷ் அரசு பொதுவாக அனுமதிக்கவில்லை. உயிரியல் பூங்காக்களில் உள்ள பறவைகளுக்கு மட்டும் உரிமத்தின் பேரில் விலக்கு உண்டு.

தடுப்பூசியில் உலகுக்கு வழிகாட்டிய நாடு தடுப்பூசிக்குத் தயங்குவது ஏன்? நாமக்கல் பண்ணையாளர்களும் இந்திய அரசும் எதிர்கொண்டிருக்கும் கேள்வியும் இதுவே என்பதால், பிக்ஸின் பணி வாழ்விலிருந்தே இதற்கான விடையைத் தேடுவது பயனுள்ளதாக இருக்கும்.

தூசியில் பரவிய புற்றுநோய்

லண்டன் கேம்டன் டவுனில் உள்ள ராயல் வெட்டரினரி கல்லூரி 1791இல் தொடங்கப்பட்டது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதுவே மிகப் பழைய கால்நடை மருத்துவக் கல்லூரி. 1926இல் பிறந்த பிக்ஸ், விமானப்படையில் பணியாற்றிய பின்னர் இங்கு பயின்று 1953இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் கால்நடை மருத்துவர் என்றால் குதிரை, மாடு, நாய் ஆகியவற்றைப் பார்ப்பவர் என்பதே பொதுவான எண்ணம். ஒரு கோழி நோயுற்றால் அதன் கழுத்தைத் திருகிவிடுவது மருத்துவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைவிட மலிவு.

ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கோழி வளர்ப்பு வீட்டுக் கொல்லையிலிருந்து பெரிய கொட்டகைகளுக்கு மாறத் தொடங்கியிருந்தது. ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான கோழிகள் அடைக்கப்பட்டபோது, அதுவரை பெரிதாகக் கவனிக்கப்படாதிருந்த ஒரு நோய் விசுவரூபம் எடுத்தது. கோழி ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னுமாக நீட்டி முடங்கிவிடும். அறுத்துப் பார்த்தால் ஈரலிலும் மண்ணீரலிலும் கட்டிகள் இருக்கும். நோய் கடுமையாகத் தாக்கிய பண்ணைகளில் 30 சதவீதம் வரை கோழிகள் மடிந்தன.

இந்த நோயை 1907இல் முதலில் விவரித்தவர் புடாபெஸ்ட் நகரைச் சேர்ந்த யோசெஃப் மாரெக். பின்னாளில் இது வேறொரு புற்றுநோயுடன் சேர்த்துக் குழப்பிக் கொள்ளப்பட்டது. லண்டனுக்கு வடக்கே ஹன்டிங்டன் அருகில் இருந்த ஹௌட்டன் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் 1959இல் பணியைத் தொடங்கிய பிக்ஸ், முதலில் செய்தது இந்தக் குழப்பத்தைத் தீர்த்ததுதான். இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றும், முடக்கத்தை ஏற்படுத்துவதை மாரெக் நோய் என்றே அழைக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார்.

பெயர் வைப்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் இரு நோய்களை ஒன்றென்று எண்ணிக் கொண்டிருந்தவரை எதற்கும் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர் பிரிந்த சில ஆண்டுகளுக்குள், 1967இல், சர்ச்சில் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து பிக்ஸ் இந்த நோய்க்குக் காரணம் ஹெர்ப்பீஸ் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ் என்று அறிவித்தார். 1969இல் அதே ஹௌட்டன் குழு, வலுவிழக்கச் செய்யப்பட்ட வைரஸைக் கொண்டு தடுப்பூசியை உருவாக்கிக் காட்டியது.

மனிதர்களிடம் கல்லீரல் புற்றுநோயையும் கருப்பை வாய்ப் புற்றுநோயையும் தடுக்க உதவும் தடுப்பூசிகள் புழக்கத்துக்கு வந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு என்பது குறிப்பிடத்தக்கது. பிரிட்டனின் உயரிய அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டி 1976இல் பிக்ஸை உறுப்பினராக்கியது. 1989இல் வேளாண்மைக்கான வுல்ஃப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

ஒரு நாள் குஞ்சின் கழுத்தில்

பிக்ஸ் குழுவின் தடுப்பூசியைத் தொடர்ந்து, வான்கோழிகளில் காணப்படும் தீங்கற்ற ஒரு ஹெர்ப்பீஸ் வைரஸைப் பயன்படுத்தி அமெரிக்காவில் மற்றொரு தடுப்பூசி உருவானது. இன்று முட்டைக் கோழிக் குஞ்சுகளுக்குப் பொரிப்பகத்திலேயே, பிறந்த முதல் நாளில், கழுத்தின் தோலுக்கு அடியில் மாரெக் தடுப்பூசி போடப்படுகிறது. திரவ நைட்ரஜனில் உறைய வைக்கப்பட்ட மருந்து உருக்கப்பட்ட சிறிது நேரத்திற்குள் பயன்படுத்தப்பட வேண்டும். நாமக்கல்லின் கோழிக் கொட்டகைகளுக்குள் நுழையும் குஞ்சு, அதற்கு முன்பே இந்த ஊசியைக் கண்டுவிடுகிறது.

கோழி மருத்துவரின் தொழில் மற்ற கால்நடை மருத்துவர்களின் தொழிலிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். அவரிடம் நோயாளி என்று ஒரு தனிக் கோழி வருவதில்லை. அவரது நோயாளி ஒரு மந்தை. இறந்த கோழிகளை அறுத்துப் பார்ப்பது, தீவனமும் தண்ணீரும் எவ்வளவு குறைந்தன என்று கணக்கைப் பார்ப்பது, வாசலில் செருப்பு மாற்றப்படுகிறதா, எலி நுழைகிறதா, காட்டுப் பறவை கூடு கட்டியிருக்கிறதா என்று கவனிப்பது ஆகியவையே அவரது அன்றாட வேலை. அவர் வெற்றி பெற்றால் எதுவுமே நடப்பதில்லை. எதுவும் நடக்காமல் பார்த்துக் கொள்வதற்குச் சம்பளம் எதற்கு என்று கேட்கும் பண்ணை உரிமையாளர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு.

தமிழ்நாட்டுக்கும் லண்டன் சுற்றுவட்டாரத்துக்கும் இந்தத் துறையில் இன்னும் பழைய ஒரு தொடர்பும் இருக்கிறது. கிராமங்களில் வெள்ளைக் கழிச்சல் என்று அழைக்கப்படும் நோயை, 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே தோன்றியபோது ஆராய்ந்து தனி நோயாக இனங்கண்டவர், லண்டனுக்குத் தென்மேற்கே வேய்பிரிட்ஜ் நகருக்கு அருகில் இருந்த அரசு ஆய்வகத்தைச் சேர்ந்த டாயில். ஏறத்தாழ அதே காலத்தில் இமயமலைச் சாரலில் உள்ள ராணிகெட்டிலும் அது கண்டறியப்பட்டது. உலகம் நியூகாசில் நோய் என்கிறது. இந்தியா ராணிகெட் என்கிறது. இந்தியாவில் குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டாக விடப்படும் எஃப் வகைத் தடுப்பு மருந்துக்கான வைரஸ், 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆஸ்ப்ளின் என்ற ஆய்வாளர் விவரித்த ஒன்று.

இந்த மருந்தைக் குளிரூட்டிப் பாதுகாக்க வேண்டியிருப்பது கிராமங்களில் பெரும் இடையூறாக இருந்தது. வெப்பத்தைத் தாங்கும் வைரஸ் வகை ஒன்றைக் கொண்டு, தீவனத்தோடு கொடுக்கக்கூடிய வாய்வழித் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியது. தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களும் கிராமத்து மக்களுக்குப் பழக்கமானவையே. கழிச்சலுக்குத் தடுப்பூசி போடலாமா என்று எவரும் விவாதிப்பதில்லை.

ஊசி போட்ட கோழி சுமக்கும் வைரஸ்

பறவைக் காய்ச்சல் என்று வரும்போது மட்டும் தயக்கம் ஏன்? இதற்கான அறிவியல் காரணத்தின் ஒரு பகுதி, பிக்ஸின் சாதனைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

மாரெக் தடுப்பூசி கட்டி வராமல் தடுக்கிறது. ஆனால் கிருமித் தொற்றையே தடுப்பதில்லை. ஊசி போட்ட கோழி நலமாகவே இருக்கும். அதே வேளையில் அதன் இறகுத் துளைகளிலிருந்து உதிரும் தூசியில் வைரஸ் வெளியேறிக் கொண்டே இருக்கும். கடந்த அரை நூற்றாண்டில் மாரெக் வைரஸ் மென்மேலும் கொடியதாக மாறி வந்துள்ளது என்பது இத்துறையினர் அறிந்ததுதான்.

2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரடிச் சோதனைச் சான்றை அளித்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ரீட், பிரிட்டனின் பிர்பிரைட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வேணுகோபால் நாயர் ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் அதை நடத்தினர். நாயர் கேரளாவில் கால்நடை மருத்துவம் பயின்று பிரிட்டனில் கோழி வைரஸ் ஆராய்ச்சியில் முன்னணிக்கு வந்தவர். மிகக் கொடிய வைரஸ் வகை, ஊசி போடாத கோழியை விரைவில் கொன்று தானும் அதோடு அழிந்துவிடுகிறது. ஊசி போட்ட கோழியில் அதே வைரஸ் நீண்ட நாள் தங்கி, பிற கோழிகளுக்கும் பரவுகிறது. இதுவே அந்த ஆய்வின் முடிவு.

இதைத் தடுப்பூசிக்கு எதிரான வாதமாகச் சிலர் எடுத்துக் கொண்டனர். அது தவறான புரிதல் என்றே கருத வேண்டியுள்ளது. மாரெக் தடுப்பூசி இல்லாமல் இன்றைய கோழிப் பண்ணைத் தொழிலை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால், ஊசி போட்டதோடு கடமை முடிந்துவிடுவதில்லை, அதற்குப் பிறகும் மந்தையில் என்ன நடக்கிறது என்று தேடிக் கொண்டே இருக்க வேண்டும் என்பதை அந்த ஆய்வு அழுத்தமாகச் சொன்னது.

பறவைக் காய்ச்சலில் இந்தத் தேடல் மேலும் முக்கியமானது. மாரெக் நோய் மனிதரைத் தாக்குவதில்லை. எச்5என்1 அப்படியல்ல. 1997இல் ஹாங்காங்கில் 18 பேரை அது தொற்றியது. ஆறு பேர் உயிரிழந்தனர். பிரிட்டனிலேயே 2022 ஜனவரியில், வீட்டில் வாத்துகள் வளர்த்து வந்த ஒருவருக்கு இந்தத் தொற்று உறுதி செய்யப்பட்டது. ஊசி போட்ட மந்தைக்குள் வைரஸ் சத்தமின்றிப் பரவினால், கோழிகள் மடிந்து விழுவது என்ற எச்சரிக்கை மணி அடிக்காமலே போகலாம்.

சந்தையின் கணக்கு

அறிவியல் தயக்கத்தைவிட வலுவானது வர்த்தகத் தயக்கம். தடுப்பூசி போடும் நாட்டின் கோழி இறைச்சியையும் குஞ்சுகளையும் பல நாடுகள் வாங்க மறுக்கின்றன. பிரான்ஸ் 2023 அக்டோபரில் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதும் அமெரிக்கா இறக்குமதிக் கட்டுப்பாடுகளை விதித்தது. உயர்ரகக் குஞ்சுகளை உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் இனவிருத்தி நிறுவனங்கள் பிரிட்டனில் உள்ளன. தடுப்பூசியால் அதிக நட்டம் அடையக் கூடியவர்களும் அவர்களே.

தடுப்பூசி போடாததற்கும் விலை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய ஓராண்டு காலத்தில் பிரிட்டனில் 200க்கும் மேற்பட்ட இடங்களில் வளர்ப்புப் பறவைகளிடையே நோய் உறுதி செய்யப்பட்டது. தொற்று கண்ட இடத்தைச் சுற்றி 3 கிலோமீட்டர் பாதுகாப்பு வளையமும் 10 கிலோமீட்டர் கண்காணிப்பு வளையமும் அறிவிக்கப்படும். அந்த மந்தை முழுவதும் கொல்லப்படும். நலமாக உள்ள பறவைகளைக் கொல்வதற்கு மட்டுமே அரசு இழப்பீடு தரும், நோயில் மடிந்தவற்றுக்குக் கிடையாது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்காகத் திறந்தவெளியில் வளர்க்கப்பட்ட வான்கோழிகளில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 6 லட்சம் பறவைகள், மடிந்தன அல்லது கொல்லப்பட்டன என்று தொழில்துறையினர் நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தனர். லண்டன் பேரங்காடிகள் சிலவற்றில் ஒருவர் இத்தனை முட்டைப் பெட்டிகள்தான் வாங்கலாம் என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டதை ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் வாழும் தமிழர்களும் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல், தோட்டத்தில் ஒரே ஒரு கோழி வளர்த்தாலும் அதை அரசிடம் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது.

பிரான்ஸில் தடுப்பூசிக்குப் பின்னர் பண்ணைகளில் நோய்த் தாக்குதல் பெருமளவில் குறைந்தது. ஆனால் அதற்காக பிரான்ஸ் ஏற்றுக்கொண்ட நிபந்தனையையும் பார்க்க வேண்டும். ஊசி போட்ட மந்தைகளைக் கால்நடை மருத்துவர்கள் மாதந்தோறும் சென்று பார்த்து, மாதிரி எடுத்து, வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். திட்டச் செலவில் முதலாண்டில் 85 சதவீதத்தையும் இரண்டாம் ஆண்டில் 70 சதவீதத்தையும் அரசே ஏற்றது. அதாவது, தடுப்பூசித் திட்டத்தில் மலிவான பகுதி ஊசி மருந்து. செலவு பிடிப்பது அதைத் தொடர்ந்து நடக்கும் மருத்துவர்களின் பணிதான்.

பிரிட்டன் அரசு நியமித்த தடுப்பூசிக் குழு 2025இல் வெளியிட்ட அறிக்கையில், பெரிதும் பாதிக்கப்படும் வான்கோழிகளின் மீது கவனம் செலுத்தியது. ஒட்டுமொத்தக் கோழிகளுக்கும் தடுப்பூசி என்ற முடிவுக்கு அது வரவில்லை. அவ்வாறு முடிவு செய்தாலும், மந்தை மந்தையாகச் சென்று சோதிக்க ஆட்கள் எங்கே என்ற கேள்வி எழும்.

ஆட்கள் எங்கே?

பிக்ஸ் 12 ஆண்டுகள் இயக்குநராக இருந்த ஹௌட்டன் நிலையம் 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன் பணிகள் முதலில் காம்ப்டனுக்கும் பின்னர் பிர்பிரைட்டுக்கும் மாற்றப்பட்டன. ஆராய்ச்சி தொடர்கிறது, அது தரத்தில் குறைந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் கோழி நோய்க்கென்றே தனி நிலையம், அதில் ஆண்டுக்கணக்கில் ஒரே நோயைத் தொடர்ந்து செல்லும் குழு என்ற ஏற்பாடு போய்விட்டது. மாரெக் நோய்க்குப் பெயர் வைத்ததிலிருந்து தடுப்பூசி வரை ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. இன்றைய ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குத்தான் வழங்கப்படுகிறது.

டாயில் பணியாற்றிய வேய்பிரிட்ஜ் ஆய்வகத்தில்தான் இன்றும் பிரிட்டனின் பறவைக் காய்ச்சல் மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன. அதன் கட்டடங்கள் கவலைக்கிடமாகச் சீர்கெட்டிருப்பதாக நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 நவம்பரில் எச்சரித்தது. அங்கு புதிய உயிரியல் பாதுகாப்பு மையத்துக்கு நூறு கோடி பவுண்டு ஒதுக்குவதாக அரசு 2025 ஜூனில் அறிவித்தது. கட்டடத்துக்குப் பணம் வந்துவிட்டது. கால்நடை மருத்துவர்களின் பற்றாக்குறையை அவ்வளவு எளிதில் தீர்க்க முடியாது. இறைச்சிக் கூடங்களைக் கண்காணிக்கும் அரசுப் பணியில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நெடுங்காலமாக வெளிநாடுகளில், குறிப்பாக ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், பட்டம் பெற்றவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பின்னர் அவர்களது வருகை சிக்கலானது. இந்தியப் பட்டம் பெற்றவர்கள் இங்கு முழுப் பதிவு பெறுவதற்கு ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி நடத்தும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அது எளிதானதோ மலிவானதோ அல்ல. நாமக்கல்லில் லட்சக்கணக்கான கோழிகளைப் பார்த்துக் கொண்ட அனுபவம் உள்ள ஒருவரும், அத்தேர்வில் நாய், பூனை, குதிரை பற்றிய கேள்விகளுக்கும் விடையளித்தாக வேண்டும்.

லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரியின் தலைமையில் 2019இல் தொடங்கப்பட்ட ஒரு கூட்டுத் திட்டத்தின் கதையும் இங்கு சொல்லத் தக்கது. பேராசிரியர் ஃபியோனா டோம்லி தலைமையில், இந்தியா, இலங்கை, வங்கதேசம், வியட்நாம் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் இதில் இணைந்தனர். பண்ணையிலிருந்து சந்தை வழியாகச் சமையலறை வரை கோழியோடு கிருமிகளும் எவ்வாறு பயணிக்கின்றன என்று பின்தொடர்வதே நோக்கம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கால்நடைப் பல்கலைக்கழகமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் இதில் பங்கேற்றன. 2021இல் பிரிட்டன் தனது வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தபோது, இத்தகைய திட்டங்களுக்கான நிதி பாதியில் வெட்டப்பட்டது. திட்டம் 2024இல் நிறைவடைந்தது. உதவியை 2027க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப் போவதாகப் பிரதமர் கியர் ஸ்டார்மர் 2025 பிப்ரவரியில் அறிவித்தார். வலசைப் பறவைகளுக்கு வரவு செலவுத் திட்டம் தெரியாது. லண்டனில் கணக்கை எழுதுபவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நாமக்கல்லின் நிலை

இந்தியாவில் எச்5என்1 முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கண்டறியப்பட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நோயே வராத நாமக்கல்லில், முட்டை விலை சரிந்தது. வளைகுடா நாடுகள் இந்திய முட்டைகளுக்குத் தடை விதித்தன. அண்டை மாநிலமான கேரளத்தின் வாத்துப் பண்ணைகளில் நோய் தோன்றும் போதெல்லாம் தமிழக எல்லைச் சாவடிகளில் வாகனங்களுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்படுவது வழக்கமாகிவிட்டது.

இந்திய அரசின் கொள்கையும் பிரிட்டனுடையதைப் போன்றதே: நோய் கண்ட இடத்தில் பறவைகளைக் கொல்வது, எச்5என்1க்குத் தடுப்பூசி போடாதிருப்பது. ஏற்றுமதியைக் காக்க இந்தியா தேர்ந்தெடுத்த வழி வேறு. கடுமையான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட பண்ணைத் தொகுதிகளை மட்டும் தனியே பிரித்து, அவை நோயற்றவை என்று அறிவிப்பது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 26 தொகுதிகள் குறித்த இந்தியாவின் இத்தகைய அறிவிப்பை உலக விலங்கு நல அமைப்பு 2023இல் ஏற்றுக்கொண்டது. இந்தச் சான்றின் மதிப்பும் இறுதியில், அந்தப் பண்ணைகளுக்குள் சென்று மாதிரி எடுத்து, இல்லை என்று கையெழுத்திடும் மருத்துவரின் சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

பெரிய பண்ணைகளுக்கு இது பொருந்தும். சேலத்திலோ கிளிநொச்சியிலோ பத்துக் கோழி வளர்க்கும் ஒரு குடும்பத்தை எந்தத் தொகுதியிலும் அடைக்க முடியாது. கொன்றழிப்பு உத்தரவு வந்தால் அவர்களது சேமிப்பு முழுவதும் ஒரே நாளில் குழிக்குள் போகும். இழப்பீடு கிடைக்காது என்று அஞ்சினால், நோயுற்ற கோழியை மறைப்பார்கள், அல்லது விற்றுவிடுவார்கள். தடுப்பூசி இல்லாவிட்டாலும் நோய் சத்தமின்றிப் பரவுவதற்கு இது ஒரு வழி என்பதைத் தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை.

இப்போது ஆராயப்படும் எச்5 தடுப்பூசிகள் சிலவற்றில், வைரஸின் ஒரு பகுதியைச் சுமந்து செல்லும் வாகனமாக அமைந்திருப்பது மாரெக் தடுப்பூசியில் பயன்படும் அதே வான்கோழி ஹெர்ப்பீஸ் வைரஸ்தான். நெதர்லாந்தில் முட்டைக் கோழிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வகச் சோதனைகளில் இவ்வகைத் தடுப்பூசிகள் நோயை மட்டுமல்லாமல் பரவலையும் கட்டுப்படுத்தியதாக 2023இல் தெரிவிக்கப்பட்டது. இவற்றில் வைரஸின் ஒரு புரதம் மட்டுமே இருப்பதால், ஊசியால் எதிர்ப்பாற்றல் பெற்ற கோழியையும் உண்மையில் நோய் தொற்றிய கோழியையும் இரத்தப் பரிசோதனையில் பிரித்தறிய முடியும். வாங்கும் நாடுகள் அந்தப் பரிசோதனையை நம்புமா என்பது தனிக் கேள்வி.

பீட்டர் பிக்ஸ் 2021 டிசம்பர் இறுதியில், தமது 95ஆம் வயதில் காலமானார். அந்த வாரங்களில் பிரிட்டன் முழுவதும் கோழிகளைக் கொட்டகைக்குள் அடைத்து வைக்க வேண்டும் என்ற உத்தரவு நடைமுறையில் இருந்தது. அவரது துறையின் வழித்தோன்றல்கள் வெள்ளை அங்கியும் முகக்கவசமும் அணிந்து, பண்ணை பண்ணையாகக் கொன்றழிப்பை மேற்பார்வையிட்டுக் கொண்டிருந்தனர்.